தோசையம்மா தோசை: பிள்ளைகளோடு உட்கார்ந்து கார்ட்டூன் பார்ப்பது எப்படி?

தோசையம்மா தோசை பாட்டு தெரியாத தமிழ்ப் பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அம்மா சுட்ட தோசையை அப்பாவுக்கு நாலு, அம்மாவுக்கு மூணு, அண்ணனுக்கு ரெண்டு, பாப்பாவுக்கு ஒண்ணு என்று பங்கு போடுகிற பாட்டு. யூடியூபில் இதற்கு அனிமேஷன் வீடியோக்கள் எக்கச்சக்கம். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் அம்மா சேலையைச் செருகிக்கொண்டு அடுப்படியில் நிற்பாள், அப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். சின்ன வயதில் நான் பாடியதும் இதுதான், இப்போது 5 வயது மகளோடு சேர்ந்து பாடுவதும் இதுதான். போன வருஷம் ஒரு நாள் ராத்திரி, 9 வயது மகன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "சுட்டது அம்மாதானே, அப்புறம் ஏன்ப்பா உங்களுக்கு ஒண்ணு கூட?" அப்பாவுக்குப் பசி ஜாஸ்தி என்றேன். "அம்மாவுக்குப் பசிக்காதா?" என்றான். சட்னி காரமாக இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

அந்த ராத்திரிக்கு அப்புறம் வீட்டில் செய்து பார்த்ததையும் சொதப்பியதையும் சேர்த்து எழுதியதுதான் இது. ஆம்பளை இப்படி இருக்கணும், பொம்பளை இப்படி இருக்கணும் என்று எந்தக் கார்ட்டூனும் வாய் திறந்து பாடம் எடுப்பதில்லை. யார் முன்னால் ஓடுகிறார்கள், யார் வாசலில் நின்று கையசைக்கிறார்கள், யார் அழுதால் மற்றவர்களுக்குச் சிரிப்பு வருகிறது என்று நூறு தடவை காட்டிவிட்டுப் போய்விடும், மிச்சத்தைப் பிள்ளை தானே முடிவு கட்டிக்கொள்ளும். அந்த இடங்களை நாம் எப்படிப் பிடிப்பது, பிடித்த பிறகு என்ன பேசுவது?

முதலில் ரிமோட்டைப் பிடுங்காதீர்கள். தடை போட்டால் தீர்ந்துவிடும் என்றால் சின்சான் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். 2008-ல் இந்தியாவில் அதை ஒளிபரப்பக் கூடாது என்று நிறுத்தினார்கள், கொஞ்ச காலத்தில் கத்தரி போட்டுத் திரும்பி வந்தது, இன்றைக்கு எந்தப் பள்ளிக்கூட வேனில் ஏறிக் கேட்டாலும் அந்தச் சின்சான் பையன் குரலில் பேசிக் காட்ட ஒரு பிள்ளை இருக்கும். நானும் ஒரு கார்ட்டூனுக்குத் தடை போட்டேன். மாடி வீட்டில் போய்ப் பார்த்தான். நான் பக்கத்தில் இல்லாமல் பார்த்தான் என்பதுதான் கண்ட பலன்.

எண்ணுவதில் தொடங்குங்கள்

முதல் வாரம் எதுவும் பேச வேண்டாம், எண்ணினால் போதும். பழைய நோட்டு ஒன்றை எடுத்து நடுவில் ஒரு கோடு போடுங்கள். இந்தப் பக்கம் ஆண், அந்தப் பக்கம் பெண். ஒரு எபிசோடில் பெயரோடு வருகிற, வாய் திறந்து பேசுகிற ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கோடு. நாலு கோடு சேர்ந்ததும் குறுக்கே ஒன்று, பால் கணக்கு மாதிரி. 8, 9 வயதுப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவே பிடித்துவிடும், பெரியவர்களைவிடக் கறாராக எண்ணுவார்கள். என் மகன் முதல் நாளே, பின்னால் நடந்து போன ஒரு மாட்டை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று சண்டைக்கு வந்தான்.

சோட்டா பீமை எடுத்துக்கொள்ளுங்கள். ஐதராபாத்தில் உருவாகி 2008 முதல் ஓடுகிற தொடர், நம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. பீம், ராஜு, காலியா, டோலு, போலு, ஜக்கு குரங்கு, ராஜா இந்திரவர்மா என்று ஒரு பக்கம் நிறைந்துவிடும். அந்தப் பக்கம் பீமுக்கு லட்டு கொடுக்கிற தோழி சுட்கி, இளவரசி இந்துமதி, லட்டுக்கடை டுன்டுன் மௌசி. மோட்டு பட்லுவில் நிலைமை இன்னும் மோசம்: மோட்டு, பட்லு, டாக்டர் ஜட்கா, கசீட்டாராம், இன்ஸ்பெக்டர், டீக்கடைக்காரர், திருடன் ஜான் என்று ஊரே ஆண்களால் ஆனது, சமோசா பொரிக்கக்கூடப் பெண் கிடையாது. (அந்த இன்ஸ்பெக்டர் இந்தியில் தென்னிந்தியர் மாதிரி பேசுவதே ஒரு காமெடி. யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்ற பட்டியலில் நாமும் இருக்கிறோம் என்பதை அதைப் பார்த்து மகனுக்குச் சொல்ல முடிந்தது.) வெளிநாட்டுச் சரக்கும் விதிவிலக்கில்லை. பா பட்ரோலில் முதலில் வந்த 6 நாய்க்குட்டிகளில் ஸ்கை மட்டும்தான் பெண், அதுவும் பிங்க். ஆனால் ஹெலிகாப்டர் ஓட்டுவது அவள்தான், அதையும் நோட்டில் எழுதத்தான் வேண்டும்.

இப்படிப் பையன்கள் கூட்டத்தில் ஒரே ஒரு பெண்ணை வைப்பதற்கு 1991-லேயே கதா பாலிட் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஸ்மர்ஃபெட் கோட்பாடு என்று பெயர் வைத்துவிட்டார். ஸ்மர்ஃப் என்ற நீலக் குள்ளர்களின் ஊரில் ஒருத்தன் புத்திசாலி, ஒருத்தன் சோம்பேறி, ஒருத்தன் சிடுமூஞ்சி. ஸ்மர்ஃபெட்டின் குணம் என்ன? பெண். அவ்வளவுதான். 1966-ல் பெல்ஜிய காமிக்ஸில் அவள் வந்த கதை இன்னும் கூத்து: அந்த ஊரில் குழப்பம் உண்டாக்க மந்திரவாதி செய்து அனுப்பிய பொம்மை அவள், கருப்பு முடியோடு வந்தபோது யாருக்கும் பிடிக்கவில்லை, பொன்னிற முடியாக மாற்றிய பிறகுதான் எல்லாரும் பின்னாலேயே சுற்றினார்கள்.

எண்ணிக்கை பழகியதும் ஒரு படி மேலே போய், 'இவளை எடுத்துவிட்டால் கதை நிற்குமா?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு எபிசோடிலிருந்து சுட்கியைத் தூக்கிவிட்டால் பீமுக்கு லட்டு வந்து சேராது, சரி, வேறு ஏதாவது நின்றுபோகுமா? சில எபிசோடில் நிற்கும், பலவற்றில் நிற்காது. 2020-ல் பீம் சுட்கியை விட்டுவிட்டு இந்துமதியைக் கல்யாணம் செய்துகொண்டான் என்று ஒரு புரளி கிளம்பி, சுட்கிக்கு நியாயம் வேண்டும் என்று ட்விட்டரே அல்லோலகல்லோலப்பட்டது நினைவிருக்கிறதா? தயாரித்த கம்பெனியே வந்து, அவர்கள் எல்லாரும் இன்னும் குழந்தைகள், கல்யாணமெல்லாம் நடக்கவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. பாதி வேடிக்கைதான். ஆனாலும் இத்தனை நாள் லட்டு கொடுத்தவளுக்குக் கல்யாணம்தான் கைம்மாறு என்று வளர்ந்தவர்களுக்குக்கூடத் தோன்றியதே, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

புதுப்படம் என்றால் நியாயமாக இருக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். கார்மன் ஃபாட், கேரன் ஐசன்ஹாவர் என்ற இரண்டு மொழியியலாளர்கள் டிஸ்னி இளவரசிப் படங்களில் யார் எத்தனை வார்த்தை பேசுகிறார்கள் என்று எண்ணி 2016-ல் வெளியிட்டார்கள். 1950-ல் வந்த சிண்ட்ரெல்லாவில் பாதிக்கு மேல் பெண்கள் பேசுகிறார்கள். 1992-ல் வந்த அலாதீனில் 90 சதவீதம் ஆண்கள் பேச்சு. பெண் வாளெடுத்துப் போருக்குப் போகும் முலானில்கூட முக்கால்வாசிக்கு மேல் ஆண்கள்தான். போஸ்டரில் பெண் இருக்கிறாள் என்பதற்கும் படத்தில் அவள் பேசுகிறாள் என்பதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள்

தமிழில் பார்க்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதி உண்டு, ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். நம் வினைச்சொல்லிலேயே ஆண், பெண், மரியாதை மூன்றும் ஒட்டிக்கொண்டு வரும். வந்தான், வந்தாள், வந்தார். டப்பிங்கில் புருஷன் பெண்டாட்டியை வா போ என்கிறானா, அவள் என்னங்க, வாங்க போங்க என்கிறாளா என்று கேளுங்கள். மூலத்தில் என்ன இருந்ததோ, தமிழுக்கு வரும்போது நம் வீட்டு வழக்கம் அதற்குள் புகுந்துவிடும். டப்பிங்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மேலே முதல் பத்தியில் நானே அம்மா நிற்பாள், அப்பா உட்கார்ந்திருப்பார் என்று எழுதியிருக்கிறேன். உங்களுக்கு உறுத்தியதா? எனக்கு எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோதுதான் உறுத்தியது, திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

மிருகங்கள் விஷயம் இன்னும் நுட்பம். இலக்கணப்படி அது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் சட்டை போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டால் நமக்கு வாயில் வருவது அவன்தான். கண்ணில் நீள இமை, தலையில் ரிப்பன், உதட்டில் சிவப்பு, இதில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் அவள். ஒன்றும் இல்லாமல் வெறுமனே இருந்தால் ஆண். புளூயி என்ற ஆஸ்திரேலியக் கார்ட்டூனில் வருகிற நீல நாய்க்குட்டியை எங்கள் வீட்டில் ஒரு மாசம் அவன் அவன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் தெரிந்தது, புளூயியும் தங்கச்சி பிங்கோவும் இரண்டு பேருமே பெண். நீலமாக இருந்ததால் எங்களுக்கு வேறு மாதிரி யோசிக்கவே தோன்றவில்லை. அதிலிருந்து வீட்டில் ஒரு விளையாட்டு நடக்கிறது: புதிதாக எந்தப் பாத்திரம் வந்தாலும் முதல் 1 நிமிஷத்துக்குள் அவனா அவளா என்று சொல்லிவிட்டு, எதை வைத்துச் சொன்னாய் என்பதையும் சொல்ல வேண்டும். மகள் ஒரு தடவை, "ஷூ லேஸ் கட்டத் தெரியல, அதனால பையன்" என்றாள். அண்ணனைப் பார்த்துச் சொன்ன கணக்கு.

எதற்குச் சிரிக்கிறார்கள்?

கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். பிள்ளை எதற்குச் சிரிக்கிறதோ அதுதான் உள்ளே போய்த் தங்குகிறது. சோட்டா பீமில் காலியாவின் குண்டு உடம்பு, பெப்பா பிக்கில் அப்பாவின் தொப்பை, சின்சானில் அம்மாவின் எடை, இதெல்லாம் சிரிப்பதற்கென்றே வைத்தது. டோரிமான் என்ற ஜப்பானியத் தொடரில் நோபிதா என்ற பையன் அழுதால் சிரிப்பு. அதே நோபிதாவுக்கு ஒரு அருமையான கைவேலை தெரியும், நூலை விரல்களில் மாட்டி விதவிதமாக உருவம் செய்வான், அதில் அவனை அடிக்க ஆளில்லை. அதற்கும் கிண்டல்தான், அது பொண்ணுங்க விளையாட்டாம். குறி பார்த்துச் சுடுவதிலும் அவன் கெட்டிக்காரன், அதை மட்டும் யாரும் கிண்டல் செய்வதில்லை. இரண்டும் ஒரே பையனுடைய இரண்டு திறமை. இதை மகனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவன் வகுப்பில் கோலம் நன்றாகப் போடுகிற ஒரு பையனைப் பற்றிச் சொன்னான்.

அதே தொடரில் அவன் சிநேகிதி ஷிசுகா குளிக்கும்போது நோபிதா உள்ளே போய் விழுகிற காட்சியும் உண்டு. நினைத்த இடத்துக்குப் போகும் மாயக்கதவைத் திறந்தால் நேரே குளியலறை, அவள் அலறுவாள், தண்ணீரை வாரி இறைப்பாள், இவன் சாரி சொல்லிவிட்டு ஓடுவான், பார்க்கிற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இது ஒரு தடவை வந்துபோகிற காட்சி இல்லை, தொடரின் நிரந்தர நகைச்சுவைகளில் ஒன்று. முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் செய்தது முழுத் தப்பு. மகனுடைய சிநேகிதர்கள் 2 பேர் உட்கார்ந்திருக்கும்போதே டிவியை நிறுத்திவிட்டு, பெண்களை எப்படி மதிக்க வேண்டும் என்று 10 நிமிஷம் பேசினேன். சிநேகிதர்கள் சுவரைப் பார்த்தார்கள். மகன் அப்புறம் 2 வாரம் நான் சோபாவில் வந்து உட்கார்ந்தாலே எழுந்து போய்விட்டான்.

இரண்டாவது தடவை அதே மாதிரி காட்சி வந்தபோது நிறுத்தவே இல்லை. எபிசோட் முடிந்து பெயர்கள் ஓடும்போது, "இதுல யாருடா சிரிக்கல?" என்று மட்டும் கேட்டேன். நோபிதா சிரிக்கல, பயந்துட்டான் என்றான். வேற யாரு? ஷிசுகா. ஏன்? "குளிக்கிறப்ப வந்தா யாருக்குத்தான் சிரிப்பு வரும்" என்றான், ரொம்பச் சாதாரணமாக, நான் ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி. மறுநாளிலிருந்து அவன் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்று நச்சரித்து மாற்ற வைத்தான். தங்கச்சியும் இப்போது தட்டிவிட்டுத்தான் திறக்கிறாள்.

யார் சிரிக்கவில்லை என்ற அந்த ஒரு கேள்வி எல்லாக் கார்ட்டூனுக்கும் பொருந்தும், மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆளை மாற்றிப் போடுவது: இவனுக்குப் பதிலாக அவள் போயிருந்தால் என்ன நடந்திருக்கும், அம்மா ஆபீஸ் போய் அப்பா திட்டிக்கொண்டே துணி மடித்திருந்தால் காமெடியாக இருந்திருக்குமா? எபிசோடுக்கு ஒரு கேள்விக்கு மேல் வேண்டாம். நடுவில் நிறுத்த வேண்டாம், விளம்பரம் வரும்போதோ மறுநாள் வண்டியில் போகும்போதோ கேளுங்கள். இது சரியா தப்பா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், உங்களுக்கு எந்தப் பதில் வேண்டும் என்பது பிள்ளைக்கு நன்றாகத் தெரியும், அதைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். 5 வயதுக்குக் கீழே கேள்வியும் வேண்டாம், பொம்மையை வைத்துக் கதையை மாற்றி விளையாடினாலே போதும்.

ரைம்ஸ் பக்கமும் ஒரு கண் வையுங்கள். சப்பி சீக்ஸ் பாட்டில் வெரி ஃபேர், ஐஸ் ஆர் புளூ என்று வருகிறதே, நம் ஊர் எல்கேஜியில் எந்தப் பிள்ளைக்கு நீலக் கண்? அப்படி இருப்பவள்தான் டீச்சருக்குப் பிடித்த பிள்ளை என்று பாட்டு முடியும். மாநிறமான என் மகள் கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு அதைப் பாடி ஆடியபோது வீடே கைதட்டியது, நானும்தான்.

எதைப் போட்டுக் காட்டலாம்?

தேடினால் நல்லதும் இருக்கிறது. இந்திய அனிமேஷன் கலைஞர் ராம் மோகன் வடிவமைத்து 1990-களில் யுனிசெஃப் வங்கதேசத்தில் கொண்டுவந்த மீனா என்ற கார்ட்டூனை யூடியூபில் தேடிப் பாருங்கள். மாமரத்தில் ஏறிப் பழம் பறித்து வருவது மீனா, பெரிய துண்டு தம்பி ராஜுவுக்குப் போகும். முட்டையும் அவனுக்குத்தான். கடைசியில் ஒரு நாள் இரண்டு பேரும் வேலையை மாற்றிக்கொள்வார்கள், சாயங்காலத்துக்குள் ராஜுவுக்கு நாக்கு தள்ளிவிடும். கொஞ்சம் பாடம் எடுக்கிற வாடை அடிக்கத்தான் செய்யும், ஆனால் மாம்பழத்தை வெட்டுகிற அந்தக் காட்சியை என் பிள்ளைகள் மறக்கவே இல்லை. தோசைப் பாட்டின் கணக்குக்கு வங்கதேசத்திலிருந்து வந்த பதில் என்று சொல்லலாம்.

சுட்டி டிவியில் தமிழில் வந்த டோராவை எடுத்துக்கொண்டால், வரைபடமும் பையும் அவள் கையில், துணைக்குக் குரங்கு புஜ்ஜி, வழி கண்டுபிடிப்பது அவள். ஜாக்கி சான் கார்ட்டூனில் ஜேட் என்ற 11 வயதுப் பெண் யார் சொன்னாலும் வீட்டில் இருக்க மாட்டாள். பெப்பா பிக்கில் தொப்பைக் கிண்டலைச் சொன்னேன், அதே தொடரில் மிஸ் ராபிட் பஸ் ஓட்டுவாள், ஹெலிகாப்டரும் ஓட்டுவாள், ஊரில் பாதி வேலை அவள் தலையில்தான். பாகிஸ்தானில் 2013-ல் வந்த புர்கா அவெஞ்சரில் ஒரு பள்ளி ஆசிரியை புத்தகத்தையும் பேனாவையும் ஆயுதமாக வைத்துச் சண்டை போடுவார்.

பெண் சண்டை போட்டால் போதும், வேலை முடிந்தது என்று நான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு அது சரி, மகனுக்கு? அவன் பார்ப்பதில் எந்த அப்பா துணி மடிக்கிறார், எந்தப் பையன் அழுதுவிட்டு அவமானப்படாமல் அடுத்த வேலையைப் பார்க்கிறான்? இதனால்தான் புளூயியை எங்கள் வீட்டில் ஓட விடுகிறேன். எபிசோட் 7 நிமிஷம்தான், அப்பா பாண்டிட் பிள்ளைகளோடு தரையில் உருளுவார், வீட்டு வேலையும் செய்வார், அதை யாரும் பெரிய தியாகமாகக் காட்டுவதில்லை.

இளவரசிப் பைத்தியம் பிடித்த மகள் வீட்டில் இருக்கிறாளா? பதற வேண்டாம். அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் சாரா காய்ன் குழு 198 சின்னப் பிள்ளைகளை வைத்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், இளவரசிகளில் ரொம்ப மூழ்கிய பிள்ளைகள் ஒரு வருஷம் கழித்துப் பெண்ணுக்கென்று சொல்லப்படும் பழக்கங்களில் கூடுதலாக ஒட்டிக்கொண்டார்கள் என்று வந்தது, ஊரெல்லாம் அதைப் பேசினார்கள். ஐந்து வருஷம் கழித்து அதே குழு வளர்ந்த பிள்ளைகளைத் திரும்பப் பார்த்தபோது தலைகீழ்: சின்ன வயதில் இளவரசிகளோடு திரிந்தவர்களிடம்தான் ஆண் பெண் சமம் என்ற எண்ணம் கூடுதலாக இருந்தது. அதனால் பிங்க் கவுனைப் பிடுங்கி எறிகிற அவசரம் வேண்டாம். எங்கள் வீட்டில் கிரீடம் வைத்துக்கொண்டே சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கிறாள்.

கடைசியாக, நோட்டை டிவியோடு நிறுத்த மாட்டார்கள், அதற்குத் தயாராக இருங்கள். மகன் ஒரு வாரம் எங்களுக்குத் தெரியாமல் வீட்டையே எண்ணியிருக்கிறான். தண்ணீர் கொண்டு வா என்று அப்பா சொன்னது இத்தனை, அம்மா சொன்னது இத்தனை. யார் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்றும் ஒரு பக்கம் இருந்தது. 7 நாளில் 6 நாள் அம்மா பெயர் கடைசி வரியில். தோசை ராத்திரிகளில் அவள் பெயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல் முன்னால் நான் நின்றேன். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. பிள்ளைகள் இரண்டும் அம்மாவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, தட்டைத் தட்டி, அப்பா சுட்ட தோசை என்று பாடின. பாட்டு ஓசை தட்டாமல் அப்படியே உட்கார்ந்தது. அம்மாவுக்கு நாலு, பாப்பாவுக்கு மூணு, அண்ணனுக்கு மூணு என்று பங்கு போட்டு முடித்தபோது மாவுப் பாத்திரம் காலி, எனக்கு மிஞ்சியது அந்தப் பிய்ந்த தோசை.